உழவியல் த்ரில்லர்

வலங்கைமானில் அப்துல் வஹாப் நடத்துகிற அச்சகத்துக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே கொடுத்தது கொடுத்தபடி அச்சாகி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. வஹாப் பாய் திருத்திவிடுவார். கல்யாணமோ காதுகுத்தோ, பிழையோடு ஒரு தாள் தன் கடைப்படி இறங்கினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை மாணிக்கம் என்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி கேட்டார்கள். செத்த மனுஷனுக்கு இப்படி மொட்டையாகவா பேர் போடுவது என்று 'மாணிக்கவாசகம்' என்று போட்டுவிட்டார். மாணிக்கவாசகம் அடுத்த தெருவில் உயிரோடு இருந்தார். சுவரில் பார்த்தார். அச்சிலேயே வந்துவிட்டது, இனி என்ன பேச்சு என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரே வந்து, பாயசம் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் தெரிந்தும் கயல்விழி அங்கேதான் கொடுத்தாள். பக்கத்தில் வேறு கடை இல்லை. கையில் நாளும் இல்லை.

கயல்விழி உளவியலில் எம்.எஸ்ஸி. தன் அப்பன் பண்ணையாளாக நின்ற அதே வயலில் ஒன்றரை ஏக்கரைத் தன் பேருக்குப் பட்டா மாற்றி உழுகிற ரெத்தினத்தின் மூத்த மகள். சென்னையில் ஒரு சர்வே கம்பெனிக்காக இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி வந்தாள். முதலில் சோப்பு, பிறகு சேமியா. இப்போது சினிமா. அந்தக் கம்பெனியில் கதை அறை என்று ஒன்று இருந்தது. எந்தக் கதை படமாகலாம், எது குப்பைக்குப் போகலாம் என்று ஆறு பேர் உட்கார்ந்து பேசுகிற அறை. ஏழாவது நாற்காலி காலி. "தஞ்சாவூர் ரிப்போர்ட் நல்லா வரட்டும், அது உனக்குத்தான்" என்று அந்த அறையின் தலைவர் பரிதி சொல்லியிருந்தார். கயல்விழிக்கு அந்த நாற்காலி கனவில்கூட வந்தது. சுழல்கிற நாற்காலி.

வேலை இதுதான்: பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் உளவியல் த்ரில்லர் படங்களில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று முந்நூறு பேரிடம் கேட்க வேண்டும். பதினைந்து கேள்வி. பேர் எழுத வேண்டாம், வயதும் ஊரும் போதும்.

அவள் போனில் அனுப்பிய தமிழ், வஹாப் பாயின் பழைய கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. போனைப் பார்த்து அவரே முதலிலிருந்து தட்டினார். தட்டும்போது திருத்தினார். உளவியல் என்று இருந்த இடமெல்லாம் உழவியல் ஆயிற்று. ஒன்று மனசைப் பற்றிய படிப்பு, மற்றது பயிர் பண்ணுகிற படிப்பு. அந்தப் பக்கத்து நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அச்சாகி வந்த தாள்களில் கயல்விழி சரிபார்த்தது ஒன்றே ஒன்று, கம்பெனி முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று. நேராகத்தான் இருந்தது.

சோப்பு சர்வேயில் பிள்ளைகள் தாளைப் பார்க்காமலே டிக் போடுவார்கள். சோப்பு ருசியாக இருக்கிறது என்றுகூட ஒருவன் போட்டிருந்தான். இந்தத் தடவை கதையே வேறு. தஞ்சாவூர் கல்லூரி வாசலில், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில், தாராசுரம் டீக்கடையில், தாளை வாங்கியவர்கள் உட்கார்ந்து பேனாவைக் கடித்தார்கள். பின்பக்கம் திருப்பி எழுதினார்கள். ஒருவன் கூடுதல் தாள் கேட்டான்.

"அக்கா, இதை நெசமாவே படமா எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க தம்பி."

"எடுத்தா எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போவேன்."

தன் கேள்விகள்தான் இவர்களை இப்படி உலுக்குகின்றன என்று கயல்விழி நினைத்துக்கொண்டாள். முப்பது தாளைத் தங்கை சுடர்விழியிடம் கொடுத்திருந்தாள். சுடர் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். நிரம்பிய கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எல்லாத்தையும் படிச்சுப் பாருக்கா" என்றாள்.

"படிக்கிறதுதானேடி என் வேலை" என்று சொல்லி, கட்டைப் பைக்குள் போட்டாள்.

வீட்டில் அந்த வருஷம் நன்றாக இல்லை. தை பிறந்து அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் எட்டு நாள் தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. ரெத்தினம் பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா அம்சவல்லி விடிந்ததும் சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கப் போய்விடுவாள். வீடு அமைதியாக இருப்பது வேலைக்கு வசதி என்று கயல்விழி நினைத்தாள். உளவியல் படித்தவள் அல்லவா.

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் எல்லாத் தாளையும் படம் பிடித்துச் சென்னைக்கு ஏற்ற வேண்டும். முதல் தாளைப் போனுக்கு நேராகப் பிடித்தபோதுதான் தலைப்பு கண்ணில் பட்டது. முந்நூறையும் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள்.

"பாய், என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"என்னம்மா, மை ஊறிடுச்சா?"

"நான் உளவியல்னு குடுத்தேன். பள்ளிக்கூடத்துல வர்ற ள பாய், பழத்துல வர்ற ழ இல்ல!"

"அதான் திருத்தினேன். உளவுன்னா என்ன? போலீஸ்காரன் ஒட்டுக் கேக்குறது. ரெத்தினம் பொண்ணுக்கு உழவுன்னு எழுதத் தெரியலையேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. வெளியில தெரியாம சரிபண்ணிட்டேன்."

"உளவியல்னா மனசைப் பத்தினது பாய்!"

"அப்படியா?" வஹாப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மனநிலைன்னு வேற போட்டிருந்தியா, உழவுப் படத்துல மனசுக்கு என்ன சோலின்னு அதையும் மண்நிலைன்னு ஆக்கிட்டேன். ஒரே சீரா இருக்கட்டும்னு."

கயல்விழி அங்கேயே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, கைக்கு வந்த நாலைந்தைப் புரட்டினாள். வில்லனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 'முகம் வேண்டாம். வானிலை அறிக்கை வாசிக்கிற குரல் போதும்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கதையில் திருப்பம் எங்கே வர வேண்டும்? 'கடைமடையில். அங்கேதான் தண்ணீர் வராது.' இரண்டாம் பாதியில் கதாநாயகனின் மண்நிலை எப்படி மாற வேண்டும்? 'உப்பு ஏறணும்.' எந்தச் சத்தம் பயமுறுத்தும்? 'களத்தில் மூடிய தார்ப்பாய் மேல் முதல் தூறல்.' முடிவில் கதாநாயகன் சாகலாமா என்பதற்கு ஒருவன் எழுதியிருந்தான்: 'வேண்டாம். சிங்கப்பூர் போகட்டும். எங்கள் ஊரில் அதற்கும் அதே அளவு அழுவார்கள்.'

நாற்காலி போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து மாவட்டத்து சர்வேக்கு ஒருத்தர் இருந்தார். அவர் லாட்ஜில் ரூம் போட்டு முந்நூறு தாளையும் தானே எழுதிவிடுவார். இரண்டு கையாலும் எழுதுவார், அவசரமென்றால் கால் விரலும் ஒத்தாசை பண்ணும் என்பார்கள். அந்த வித்தை கயல்விழிக்குக் கைவரவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் சென்னையில் யாரும் ஒரு தாளைக்கூடப் படித்ததில்லை. சேமியா சர்வேயில் ஒருவர், தான் போன வருஷமே காலமாகிவிட்டதாக எழுதியிருந்தார். அவரைத் திருப்தியடைந்த வாடிக்கையாளர்களில் சேர்த்திருந்தார்கள். அந்த தைரியத்தில் மிச்சத்தைப் படிக்காமலே வரிசை எண் போட்டுப் படம் பிடித்து, ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பரிதி கூப்பிட்டார். கயல்விழி வீட்டின் பின்வாசலில் நின்றிருந்தாள். ரெத்தினம் பத்தடி தள்ளி வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார்.

"கயல்! எனக்கும் நேட்டிவ் அந்தப் பக்கம்தான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்." மூன்று வயதில் கும்பகோணத்தை விட்டவர். காப்பி குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார்.

"உழவியல் த்ரில்லர்! ஒரு எழுத்தை மாத்திப் பிள்ளைங்க வாயைப் புடுங்கியிருக்கியே, யார் ஐடியா?"

"அது பிரஸ்ல..."

"தன்னடக்கமெல்லாம் அப்புறம். ஆறு பேரும் ராத்திரி பகலா படிச்சோம். நாற்காலி உனக்குத்தான். ஒண்ணாந்தேதி வந்துடு."

கயல்விழிக்குத் தரை கொஞ்சம் சுழன்றது, நாற்காலி மாதிரி.

"அந்த இருநூத்துப் பதினாலாம் தாள். அதான் படம். படிச்சே இல்ல?"

"படிச்சேன் சார்" என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து கட்டை எடுத்து, இருநூற்றுப் பதினாலைத் தேடிப் பிடித்தாள். உங்களை உண்மையில் பயமுறுத்திய ஒரு காட்சியை எழுதுங்கள் என்பது கடைசிக் கேள்வி.

'எங்கள் வீட்டில் ஒரு பூச்சிமருந்து பாட்டில் இருக்கிறது. தினமும் அதை இடம் மாற்றி வைப்பது என் வேலை. அப்பா அதைத் தேடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. நேற்று அது நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் நான் வைத்தபோது லேபிள் என் பக்கம் இருந்தது. நேற்று சுவர்ப் பக்கம் இருந்தது.'

வயது பத்தொன்பது. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளிக்குப் பதிலாக ஒரு குட்டி வட்டம். அந்த வட்டத்துக்காகச் சுடர்விழி மூன்றாம் வகுப்பிலிருந்து அடி வாங்கியிருக்கிறாள். விட்டதில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றார் பரிதி. "ஒரே ஒரு சேஞ்ச். நம்ம ஆடியன்ஸுக்கு வயசு பதினெட்டு டு இருபத்தஞ்சு. அப்பா மருந்தைக் குடிச்சா அவனுக்கு அழுகை வரும், எந்திரிச்சுப் போயிடுவான். அதனால அப்பா குடிக்கக் கூடாது. குடுக்கணும். அந்தப் பொண்ணுக்கே குடுக்கணும். நீ மாத்தின மாதிரியே நாங்களும் ஒரு எழுத்துதான் மாத்துறோம்."

கயல்விழி வேலிப் பக்கம் பார்த்தாள். ரெத்தினம் முள்ளை மிதித்து வளைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர் வச்சு அந்தப் பொண்ணைக் கண்டுபுடிச்சிடு. அடுத்த வாரம் நாங்க வர்றோம். அந்த வீடு, அந்தப் பாட்டில், அந்த அப்பா, எல்லாம் பாக்கணும். கேமரா சும்மா ஒரு ரெஃபரன்ஸுக்கு. அது நடந்தாதான் நாற்காலி. புரியுதா?"

"ஆபீஸாம்மா?" ரெத்தினம் நிமிர்ந்து கேட்டார். பல நாளைக்குப் பிறகு அவராகப் பேசுவது. "இந்தப் பக்கம் வந்தா நம்ம வீட்டுல ஒருவாய் சாப்புட்டுப் போகச் சொல்லு சாரை."

"யாரு பின்னாடி?"

"அப்பா சார்."

"ஸ்வீட்" என்றார் பரிதி.

கயல்விழி தாளை நாலாக மடித்தாள். "சார், அந்த இருநூத்துப் பதினாலு நான் எழுதினது."

"என்னது?"

"ஒரு தாள் குறைஞ்சுது. நானே எழுதி வச்சிட்டேன். அப்படி ஒரு பொண்ணு இல்ல. அப்படி ஒரு வீடும் இல்ல. எல்லாம் பொய்."



"ஒண்ணை எழுதினவ முந்நூறையும் எழுதியிருப்பே. உன்னை நம்பினேன் பாரு. டேட்டாவுல பொய் சொல்ற ஆளை நாங்க வச்சுக்கிறதில்ல கயல். பக்கத்து மாவட்டத்துக்காரரைப் பாரு, என்னா சுத்தம்! அடித்தல் திருத்தல் ஒண்ணு கிடையாது." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஆனா ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு இருந்திருந்தா அவகிட்ட கையெழுத்து வாங்கணும். நீ எழுதினதுன்னா, கம்பெனி வேலையில இருக்கையில எழுதினது, கம்பெனிக்குச் சொந்தம். படம் எப்படியும் வரும். ஆல் த பெஸ்ட்."

சாயங்காலம் நாலரை பஸ்ஸில் சுடர்விழி வந்தாள். கயல்விழி அவளை உள்ளே கூப்பிட்டு மடித்த தாளைக் காட்டினாள். சுடர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்டி."

"எப்ப?"

"இன்னைக்கு."

"நான் குடுத்து பதினொரு நாளாச்சு" என்றாள் சுடர். வெளிச்சம் போய்விட்டது. "பதினொரு நாளும் நீ வந்து கேப்பே, கேப்பேன்னு பாத்துட்டிருந்தேன். நீ லேப்டாப்பை மடியில வச்சிட்டு, அப்பா தேவலையே, சத்தமில்லாம இருக்காருங்கிறே."

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஊர்ல உள்ளவன்கிட்டல்லாம் என்ன பயம்னு நேராப் போய்க் கேட்டியே. எங்கிட்டக் கேட்டியா?"

கயல்விழி மத்தியானம் நடந்ததைச் சொன்னாள். நாற்காலி போனதையும் சொன்னாள். அதைக் கேட்டுத் தங்கை கொஞ்சம் இளகுவாள் என்று ஒரு எண்ணம். சுடர் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். கணக்குப் படிக்கிற பெண், ஒரு வரி விடமாட்டாள்.

"பொய்யின்னா சொன்னே?"

"உன்னையும் அப்பாவையும் காப்பாத்தத்தான்டி..."

"அப்படி ஒரு பொண்ணு இல்லைன்னு சொன்னே. அப்படி ஒரு வீடும் இல்லைன்னே."

"சுடரு, அதை விடு. இப்ப எங்க இருக்கு அந்தப் பாட்டில்?"

சுடர்விழி பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீதானேக்கா எழுதினே. நீயே சொல்லு, எங்க இருக்குன்னு."

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கயல்விழி அரிசி டின்னைத் திறந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பரணில் ஏறிப் பழைய பாத்திரங்களைக் கவிழ்த்தாள். இறங்கி வந்து, மூலையில் கிடந்த சாக்குகளை நகர்த்தத் தொடங்கியபோது வாசலில் நிழல் விழுந்தது. ரெத்தினம் வேலியை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"என்னம்மா தேடுறே?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் உள்ளே வந்தார். பிறகு குனிந்து, சாக்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்.

"என்னன்னு சொன்னா நானும் தேடுவேன்ல" என்றார்.