சமையல்காரி உச்சியில் கல்யாணப்பெண்

யார்மிலா முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: பெண்ணைக் கடத்துகிற கூத்தெல்லாம் இந்தக் கல்யாணத்தில் கிடையாது. அவளுக்கு வயது ஐம்பத்தாறு, இது இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை ஓல்தா சரியென்றான். தோழி பொஜெனா சரியென்றாள். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவனான லிபோர் நெஞ்சில் கைவைத்துச் சத்தியமே செய்தான். அதை நம்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

பீஸ்கோவ் ஊர் வழக்கப்படி, மோதிரம் மாற்றின கையோடு நண்பர்கள் பெண்ணைக் கடத்திக்கொண்டு போய் ஏதாவது ஒரு பீர்க்கடையில் உட்கார்த்தி வைப்பார்கள். மாப்பிள்ளை கடை கடையாகத் தேடி வந்து, கேலியையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பெண்ணை மீட்டுக்கொண்டு போக வேண்டும். எல்லாம் சிரிப்புக்குத்தான். ஆனால் மாப்பிள்ளை வராமலே போய், பெண் தானாக நடந்து வீடு திரும்பினால் அது சிரிப்பாகாது. இந்த ஊரில் அப்படித் திரும்பினவள் ஒரே ஒருத்திதான். அது யார்மிலா.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. முதல் புருஷன் ரூடா சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருந்தான். யாரோ போய்ச் சொன்னதற்கு, "அவளுக்கு வழி தெரியாதா என்ன, வருவா" என்றானாம். சாயங்காலம் வரை கடையில் காத்திருந்துவிட்டு, வெள்ளைக் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கோட்டைத் தெரு முழுக்க அவள் தனியாக நடந்து வந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் திரைச்சீலை அசைந்தது. பாவி, அதன் பிறகும் அவனோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டினாள். அவன் நகரத்துக்காரி ஒருத்தியோடு போன அன்றுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தத் தெரு நடைதான் இன்றைக்கும் கனவில் வரும்.

ஓல்தா வேறு ரகம். காட்டிலாகாவில் மரம் வெட்டுகிறவன். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற சாது. ஆனால் பாறை விஷயத்தில் மட்டும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பீஸ்கோவ் பாறைகள் மணற்கல். வெயிலில் இரும்பு மாதிரி நிற்கும், ஒரு மழை பெய்தால் ஊறின ரொட்டிதான். பிடித்த பிடி கையோடு வந்துவிடும், கயிறு மாட்ட மேலே அடித்து வைத்த இரும்பு வளையத்தையும் நம்ப முடியாது. மழைக்குப் பிறகு எவனாவது பாறையில் காலை வைத்தால் போதும், எங்கிருந்தோ ஓல்தா முளைத்துவிடுவான். வெளியூர்க்காரன், உள்ளூர்க்காரன், மேயரம்மாவின் மகன் என்று யாரையும் விட்டதில்லை. இளவட்டங்கள் அவனுக்கு 'ஈரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

யார்மிலாவும் சளைத்தவள் இல்லை. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிற வேலை அவளுக்கு. பளபளக்கிற மரத்தரை கெட்டுவிடும் என்று, வருகிறவர்கள் எல்லோரையும் செருப்புக்கு மேலே பெரிய கம்பளிச் செருப்பு மாட்ட வைத்துத்தான் உள்ளே விடுவாள். அவள் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. மேயரம்மா, மாப்பிள்ளை, அறுபது விருந்தாளிகள் அத்தனை பேரும் கம்பளிச் செருப்போடு சறுக்கிச் சறுக்கி நடந்தார்கள்.

போட்டோ எடுக்க எல்லோரும் கோட்டைப் பாலத்துக்கு வந்தபோது பொஜெனா காதோரம் கிசுகிசுத்தாள். "அடியே, காலுறை கிழிஞ்சிருக்குடி. வா, டிக்கெட் ரூம்ல மாத்திக்கலாம்."

டிக்கெட் அறைக்குப் பின்னால் லிபோரின் வேன் கதவைத் திறந்துகொண்டு நின்றது. யார்மிலா கத்துவதற்குள் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

"சத்தியம் பண்ணியேடா படுபாவி!"

"வெறும் வயித்துல பண்ணின சத்தியம், கணக்குல வராது" என்றான் லிபோர்.

பீர்க்கடைக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வேன் நேராகச் சமையல்காரியின் அடிவாரத்தில் போய் நின்றது. மூன்று மாடி உயரப் பாறை. இடுப்பில் கைவைத்த தடித்த பெண்பிள்ளை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சின்ன வயதில் அதில் ஏறாத குழந்தை ஊரில் கிடையாது. பொஜெனா ஒரு பழைய கால்சட்டையை நீட்டினாள். கல்யாணத்துக்கு உடுத்தியிருந்த நீலப் பாவாடையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, லிபோர் மேலிருந்து கயிற்றைப் பிடிக்க, திட்டிக்கொண்டே ஏறினாள் யார்மிலா. நிஜத்தைச் சொன்னால், ஏற ஏறச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கை பழைய பிடிகளைத் தானாகக் கண்டுபிடித்தது. பொஜெனாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். லிபோர் மட்டும் வளையத்தில் கயிற்றை மாட்டிச் சர்ரென்று இறங்கினான்.

"மாப்ளைக்குத் தகவல் சொல்லிட்டு நான் ஒரு வாய் பீர் குடிக்கப் போறேன்!" என்று கீழேயிருந்து கத்திவிட்டு வேனை எடுத்தான்.

மேலே கோட்டைக் கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இரண்டு பேரும் பிளம் சாராயத்தை ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். லிபோர் போய்ச் சொல்லியிருப்பான், ஓல்தா கிளம்பியிருப்பான் என்று யார்மிலா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கோபுரத்துக்குப் பின்னால் வானம் கறுத்தது. முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

உச்சியில் ஒரு குழிவு உண்டு. இரண்டு பேரும் அதற்குள் ஒண்டிக்கொண்டு, பொஜெனாவின் மழைக்கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள்.

"போச்சு. இனி அவன் எங்க ஏறப் போறான்" என்றாள் யார்மிலா.

"ஏறுவான்டி. கல்யாண நாள்லயுமா சட்டம் பேசுவான்?"

"யாரு, ஓல்தாவா? அவங்க அம்மாவே உச்சியில உட்கார்ந்திருந்தாக்கூட ஏற மாட்டான்."

மழை விட்டுத் தூறலானது. ஒருவரும் வரவில்லை. காட்டுப் பாதை காலியாகவே கிடந்தது. இருபத்திரண்டு வயதில் பீர்க்கடைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே பெண்ணாக யார்மிலா அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுக்குத்தானே வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்கிட்டேன் என்று முணுமுணுத்தாள்.

பொஜெனாவுக்குத் தாங்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு சொன்னான். சொல்லிடறேன். உன்னைக் கடத்தச் சொன்னதே அவன்தான்டி."

"எவன்?"

"உன் புருஷன்தான். எங்க கால்ல விழாத குறை. ரெண்டு வாரமா வானத்தையே பாத்துட்டிருந்தான். இன்னிக்கு மழை கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னான்."

யார்மிலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடத்தச் சொல்லிவிட்டு வராமல் இருக்கிறானா? ரூடாவாவது சீட்டாட்டத்தை விட மனசில்லாமல் இருந்தான். இவன் வரவழைத்து, உச்சியில் உட்கார்த்தி, நனைய வைத்து, பிறகு மறந்திருக்கிறான். "இறங்கினதும் இந்த மோதிரத்தைக் கழட்டி அவன் மூஞ்சியில எறியல, என் பேரு யார்மிலா இல்ல" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அப்போதுதான் பாதையில் ஆள் தெரிந்தது. கல்யாணக் கோட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, ஓல்தா ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் குடைகளோடு லிபோரும் பாதி ஊரும்.

"ஏறு மாப்ள!" என்று லிபோர் கத்தினான். அதற்குள் அவன் முகம் பீரில் சிவந்திருந்தது.

"ஏறு ஈரம், ஏறு!" என்று இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மேயரம்மாவின் மகன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அடித்தான்.

ஓல்தா பாறையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கையை எடுத்தபோது மணல் ஒட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தான். மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. விசில் அடங்கியது.

"யார்மிலா! நான் ஏற மாட்டேன்!"

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள்.

"ஈரமா இருக்கு! நீயும் இறங்கக் கூடாது, வளையம் தாங்காது! நம்ம ஏணி எட்டாது. ல்ஹோத்தா ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போன் பண்ணிட்டேன். அவங்க ஏதோ தீயணைப்புப் போட்டியில இருக்காங்களாம், பெரிய ஏணியோட வர ரெண்டு மணி நேரம் ஆகும். நம்ம வண்டியில போய் எடுத்து வரலாம்னா, அதை ஓட்டத் தெரிஞ்சவங்கள்ல ஒருத்தன்கூடக் குடிக்காம இல்ல! வீடு வீடா ஓடிப் பாத்துட்டேன்!"

அதனால்தான் தாமதமா? யார்மிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாப்ள, வா. மண்டபத்துல உட்கார்ந்து ஒரு வாய் குடிச்சுட்டு ஏணியோட வருவோம்" என்று லிபோர் தோளைத் தொட்டான்.

ஓல்தா அந்தக் கையை எடுத்துவிட்டான். சமையல்காரியின் காலடியில், சேற்றில், புதுக் கோட்டோடு சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"கிறுக்கா, நனையற!"

"அவளும்தானே நனையறா?"

பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்து, சத்தமாக, ஆனால் கத்தாமல் சொன்னான். "அன்னிக்கு அந்தக் கடையில கடைசி பெஞ்சுல நான் இருந்தேன், யார்மிலா. நீ கதவையே பாத்துட்டிருந்தே. நான் உன்னைப் பாத்துட்டிருந்தேன். எந்திரிச்சு வந்து பேச எனக்கு என்ன உரிமை? இன்னிக்கு இருக்கு. அதான் கடத்தச் சொன்னேன். ஒருத்தன் உன்னைத் தேடிக்கிட்டு வந்தான்னு ஊரே பாக்கட்டும்னு நினைச்சேன். மழை இப்படி மானத்தை வாங்கும்னு எனக்கென்ன தெரியும்?"

பொஜெனா மழைக்கோட்டின் முனையால் மூக்கைத் துடைத்தாள்.

"முட்டாள்!" என்றாள் யார்மிலா மேலேயிருந்து. "அந்தக் குடையையாவது வாங்கிப் பிடிடா, முட்டாள்! காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது?"

"நீதான்!" என்றான் ஓல்தா.

ஊர் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் லிபோர் ஒரு தூக்குவாளியோடு திரும்ப ஓடி வந்தான். விருந்து மேசையில் கலவரம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பாத்திரத்தில் ஒரே கரண்டியால் கல்யாண சூப் குடித்த பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைத் தொடலாம். அறுபது பேர் பசியோடு கொதித்துக்கொண்டிருக்க, இவர்கள் ஒருத்தி மேலே, ஒருத்தன் கீழே.

"சீக்கிரம் குடிச்சுத் தொலைங்கய்யா, என் பொண்டாட்டி பசியில என்னையே முழுங்கிடுவா!"

கயிறு மேலேதான் இருந்தது. யார்மிலா அதன் நுனியை இறக்கினாள். ஓல்தா முதல் வாய் குடித்துவிட்டு, கரண்டியை வாளிக்குள் போட்டு, மூடி, முடிச்சுப் போட்டு அனுப்பினான். வாளி பாறையில் இடிக்காமல் அவள் பார்த்துப் பார்த்து இழுத்தாள். சூடு இன்னும் போகவில்லை. சூப்பில் மிதந்த ஈரல் உருண்டை ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு வாளியை இறக்கினாள். அவன் ஒரு வாய், அவள் ஒரு வாய். போதும், சாஸ்திரம் முடிந்தது என்று லிபோர் ஓடிப்போய் விருந்தைத் தொடங்கி வைத்தான். இவர்கள் நிறுத்தவில்லை.

"உப்பு கம்மி!" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"எனக்குச் சரியா இருக்கு!"

"உனக்கு நாக்கே கிடையாது!"

"ஏய், எனக்கும் ஒரு வாய் குடுடி, நானும் மனுஷிதானே!" என்று பொஜெனா கெஞ்சினாள். அந்தப் பாத்திரத்தில் மூன்றாவது ஆள் வாய் வைக்கக் கூடாது, சாஸ்திரம் அப்படி. அவள் சாராயத்தைக் குடித்துச் சமாளித்தாள்.

ல்ஹோத்தாப் படை ஒருவழியாக வந்து சேர்ந்தபோது மேற்கே வெயில் எட்டிப் பார்த்திருந்தது. நீள ஏணியைச் சமையல்காரியின் தோளில் சாய்த்து, இரண்டு பேர் அடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாங்கம்மா, பயப்படாம இறங்குங்க! மாப்ளை காத்துட்டிருக்கார்!"

கயிற்றைக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்த யார்மிலா எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. வாளி இப்பதான் மேல வருது, இது என் முறை."