தாய்ப்பத்திரம் இல்லாத வீடு

வீடு வாங்குமுன் தாய்ப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றும் பார்க்காதவனைத் திருமூர்த்தி மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திருப்பூரில் அவர் வீட்டார் பேரம் பேசுவதைவிட அதிக நேரம் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தப் புகழ் அவருடைய அமெரிக்க ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. அதை நம்பித்தான் 1999-இல் ஒரு சனிக்கிழமை, பக்கத்து இருக்கை லின், பிரிட்ஜ்வாட்டர் ஊரில் அவர் குடியிருந்த வீட்டுக்கே வந்து, சீனாவிலிருந்து வந்த ஃபேக்ஸை அவர் முன் விரித்தான்.

லின்னின் அம்மா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். முப்பத்தொரு வருடமாக ஆலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். இப்போது அரசாங்கம் மனம் மாறி, அதை அவருக்கே விற்கிறதாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். வாங்கச் சொல்லலாமா?

"இதுக்கு முன்னாடி யார் பேர்ல இருந்துச்சு?"

"யார் பெயரிலும் இல்லை. எல்லார் பெயரிலும்."

"நிலம்?"

"நிலம் இப்போதும் அரசாங்கத்துடையது. எழுபது வருடம் நாம் வைத்துக்கொள்ளலாம்."

"அதுக்கப்புறம்?"

லின் யோசித்தான். "இதுவரை யாரும் எழுபதை எட்டியதில்லை."

விற்கிறவனுக்கே எதை விற்கிறோம் என்று தெரியாத சரக்கைத் திருமூர்த்தி எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. ஆசை ஆசையாகக் கேட்டார். மறுபடி விற்கலாமா? சில வருடம் கழித்து. அடமானம்? தெரியாது. பிள்ளைக்கு எழுதி வைக்கலாமா? விசாரிக்க வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லீரு, லின்" என்றார்.

டீ கொண்டுவந்த வசந்தாமணி கணவரிடம் தமிழில் பாய்ந்தாள். "ஏனுங்க, நமக்கு விசாவே ஆறு வருஷம். இந்த வீட்டுக்கு முப்பது வருஷ லோன்ல சைன் பண்ணுனீங்களே, எந்த நம்பிக்கைல?"

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம்ல, வசந்தா?"

"அந்தம்மாளும் முப்பத்தியொரு வருஷமா அப்ளை பண்ணிட்டுத்தான் இருக்காங்க. வாங்கலீன்னா எங்க போவாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டார். போக இடமில்லை என்றான் லின்.

ஃபேக்ஸை மடித்துக் கொடுத்தார். தாய்ப்பத்திரம் பார்க்காமல் திருமூர்த்தி தலையாட்டியது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. "போடச் சொல்லு."

திங்கள் காலை லின் ஆபீஸுக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் சுவரில் ஓர் ஆணி அடித்தாராம், ஆலையைக் கேட்காமல்.

"எதை மாட்ட?"

"எதையும் மாட்டவில்லை."

திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனருகே உட்கார்ந்தார். அடுத்த வீட்டுக்கும் அதே சுவர்தானே, அதில் பாதிக்கு மேல் ஆணி இறங்கினால் யாருக்குப் பாத்தியதை?

அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான் லின்.