நிமிர்ந்ததற்கு ஒரு புகார்

நாற்காலிக் கடையின் கண்ணாடிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவுக்காரர் குனிந்தார். குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு ஒன்று உள்ளே போனது. பின்னாலேயே ஒரு கறுப்பு ஷூ. இரண்டும் போன பிறகும் அவர் சற்று நேரம் நிமிரவில்லை. குனிந்திருக்கும்போதுதான் இடுப்பு வலி அவரை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றது.

கடைக்குள் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆடுவது, சுழல்வது, ஆளையே விழுங்குவது என்று மாடிவரைக்கும் இருந்தன. அவருக்கு மட்டும் ஒன்று கிடையாது. "நீங்க உட்கார்ந்தா கடை மூடியிருக்கிற மாதிரி தெரியும்" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். நின்று நின்று இடுப்பில் யாரோ ஆணி அறைவதுபோல் ஆகிவிட்டது. ஒரு நாள் தாங்க முடியாமல் ஒரு வாடிக்கையாளர் எதிரிலேயே குனிந்துவிட்டார். வலி குறைந்தது. வாடிக்கையாளருக்கோ கண் கலங்கிவிட்டது. ஸ்டூல் வாங்க வந்தவர் சோபா செட்டும் சாய்வு நாற்காலியும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து வலித்தபோதெல்லாம் குனிந்தார். வலி நாள் முழுவதும் இருந்ததால் மரியாதையும் நாள் முழுவதும் இருந்தது. எதிர்ச்சாரியில் படுத்திருந்த நாய்கூடப் பதிலுக்குத் தலை தாழ்த்தியதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் மற்ற ஆட்களை வாசலுக்குக் கூட்டிவந்து காட்டினார். "பாருங்கய்யா, இதுதான் பணிவு. உங்களுக்கெல்லாம் முதுகெலும்பை இரும்பாலயா செஞ்சிருக்கு?"

ஒரே குறை, யார் முகமும் அவருக்குத் தெரியாது. அவர் முகமும் யாருக்கும் தெரியாது. சிவப்புச் செருப்பு அடிக்கடி வரும், கறுப்பு ஷூ அவசரக்காரர், அவ்வளவுதான்.

விடுமுறை நாளில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா அவரைப் பின்னால் வளையச் சொன்னார். வளைந்தவர் அலறினார்.

"நிமிர்ந்தா வலி, குனிஞ்சா இதம். அப்படித்தானே?"

"ஆமாம்மா. உத்தியோகத்துக்கு ஏத்த வியாதி."

"முதுகெலும்புக்குப் பின்பக்கம் சின்னச் சின்ன மூட்டு இருக்கு, கதவுக்குக் கீல் மாதிரி. உங்களுக்கு அடியில இருக்கிறது தேஞ்சு வீங்கியிருக்கு. நிமிர்ந்தா ஒண்ணை ஒண்ணு அழுத்துது."

"கீலுன்னா எண்ணெய் விட்டாப் போச்சு."

"விடுவோம், ஊசியில. ஆனா பயிற்சி செஞ்சாத்தான் நிலைக்கும். மல்லாந்து படுத்து ரெண்டு முழங்காலையும் நெஞ்சோட சேர்த்துக் கட்டிப்பிடிங்க. இன்னொண்ணு, சும்மா சும்மா குனியாதீங்க. எலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பிதுங்கிடும். அது வேற வலி." எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "கூட யாரு வந்திருக்காங்க?"

"வலிதாம்மா வந்திருக்கு."

ஊசி போட்ட பிறகு தன் அறைக்குத் திரும்பி, பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். மனைவி போன பிறகு அந்த அறையில் அவர் எதையும் கட்டிப்பிடித்ததில்லை. டாக்டரம்மா எண்ணச் சொன்ன எண்ணிக்கை முடிந்தும் விடவில்லை.

சில வாரங்களில் நிமிர்ந்து நின்றார். வெகு நாளுக்குப் பிறகு வாடிக்கையாளர்களின் முகங்களைப் பார்த்தார். சிரித்து வணக்கம் சொன்னார். யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. சிவப்புச் செருப்பு போட்ட அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க ஒரு பெரியவர் இருப்பாரே, எங்க அவரு?"

"நான்தாம்மா அது."

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க. அவரு எவ்வளவு மரியாதையான மனுஷன்!"

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "வாசல்ல புது ஆள் திமிரா நிக்கிறான்னு புகார் வருதுய்யா."

"முதுகு சரியாயிடுச்சு சார்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப இன்னும் நல்லாவே குனியலாமே?"

"குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா..."

"அப்ப அவங்க வாசல்ல போய் வேலை கேளுங்க. நாளைக்கே வேற ஆள் வந்துடுவான்."

அந்த வயதில் வேறு எந்த வாசலில் தன்னை நிறுத்துவார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் கதவை இழுத்துப் பிடித்துக் குனிந்தார். அன்று நாள் முழுவதும் கணக்கில்லாமல் குனிந்தார். மாலையில் இடுப்பில், இதுவரை வலிக்காத ஓர் இடத்தில் சுரீரென்றது. நிமிர முடியாமல் குனிந்தபடியே நின்றுவிட்டார். எதிரில் சிவப்புச் செருப்பு வந்து நின்றது.

"அட, வந்துட்டீங்களா பெரியவரே! ஆளையே காணோமேன்னு தேடினேன். உடம்பு தேவலையா?"

"தேவலைம்மா" என்றார் செருப்பைப் பார்த்து.