பெரில் க்வில்டியின் நிழல்

பெரில் க்வில்டியை அடக்கம் செய்த மறுநாள் காலையில், எங்கள் பாலைநிலத்து ஊரான கார்கூலாவில் மரமில்லாத குறை ஓரளவு தீர்ந்தது. அவளுடைய நிழல் ஊருக்குள் ஆறேழு இடங்களில் விழுந்து கிடந்தது. அகல விளிம்புத் தொப்பி, இடுப்பில் ஊன்றிய கை, ஒரு பக்கம் சாய்ந்த தோள். அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அந்த நிழல்கள் நகரவில்லை. உச்சிவெயிலிலும் சாயங்கால நிழலின் நீளத்தோடு அப்படியே கிடந்தன. முதலில் கண்டுபிடித்தவை நாய்கள். அவை வெட்டவெளியில் நெருக்கியடித்துப் படுத்திருப்பதைப் பார்த்துத்தான் மனிதர்கள் கிட்டே போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்து கிடந்தது. அந்த வாரம் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டியது. டீசல் விலையும் ஏறியிருந்தது.

பிறருக்காக அவள் வெயிலில் நின்ற இடங்கள்தான் அவை என்பது சீக்கிரமே எங்களுக்கு விளங்கிவிட்டது. பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவள் நின்ற மைதானத்தின் ஓரத்தில் ஒன்று. நகரத்துக்கு வேலை தேடிப் போகிற பிள்ளைகளை, பெற்றவர்கள் வரமுடியாத நாட்களில், அவள் வழியனுப்பிய ரயில் மேடையில் ஒன்று. சம்பள நாட்களில் ஒவ்வொரு புருஷனாகப் பேர் சொல்லி வெளியே கூப்பிட்ட மதுக்கடை வாசலில் இன்னொன்று. அந்த நிழலில் உட்காருகிறவனுக்கு வீட்டில் பாக்கி வைத்த ஏதோ ஒரு வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும், எழுந்து போய்விடுவான். வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர் டெஸ் ஊர் மன்றத்தில் முறையிட்டார். மன்றத்தினர் வந்து பார்த்தார்கள், சற்று நேரம் உட்கார்ந்தார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாவற்றிலும் நீளமான நிழல் மில்காவின் வாசலில் கிடந்தது.

மில்கா குரோவேஷியக் கடற்கரையிலிருந்து கணவன் அன்டேயோடு எங்கள் ஊருக்கு வந்தவள். அன்டேவுக்குத் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை. வந்த இரண்டாவது கோடையில் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்துபோனான். மில்கா தன் தகர வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்க்காரர்கள் ரொட்டியும் ஆட்டுக்கறியும் வாசலில் வைத்துப் பார்த்தார்கள்; எறும்புக்குத்தான் விருந்தாயிற்று. பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரில் மட்டும் விடவில்லை. தினமும் அவள் வீட்டுத் தொட்டியை நிரப்பியதும் சாத்திய கதவுக்கு எதிரே இடுப்பில் கையை ஊன்றி நின்று பேசுவாள். சனிக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயித்தது, ஆட்டு ரோமம் என்ன விலை, யாருடைய பெண்டாட்டி யாரோடு போனாள் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். கதவைத் தட்டியதில்லை. வெளியே வா என்று ஒருநாளும் அழைத்ததில்லை. உள்ளே இருப்பவளுக்குப் பாஷை புரிகிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கோடை போய்க் குளிர்காலம் வந்தது, மறுபடி கோடை வந்தது. அப்போது கறிக்கடைக்காரரின் மனைவி வீட்டைவிட்டுப் போன கதை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டு, லாரி பழுதாகிவிட்டதால் பெரில் நாலைந்து நாள் வரவில்லை. திரும்பி வந்து அவள் லாரியை நிறுத்தும்போதே கதவு திறந்தது.

"அப்புறம் என்னாச்சு? அந்தக் கறிக்கடைக்காரன் பொண்டாட்டி திரும்பி வந்தாளா இல்லையா?" என்று மில்கா கேட்டாள். அதுதான் எங்கள் ஊரில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம்.

"வந்துட்டாடி. டீ போடு, சொல்றேன்" என்றாள் பெரில்.

அடுத்த வாரமே மில்காவை லாரியின் ஸ்டியரிங்கில் உட்காரவைத்தாள். மில்கா தபால் நிலையத்தின் வேலியைச் சாய்த்தாள், பிறகு மாதா கோயிலின் தொட்டியை, அதற்கப்புறம் எதையும் சாய்க்கவில்லை. இருபது வருஷம் இருவரும் சேர்ந்து ஊருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கதவு வழியாகக் கற்றது என்பதால் மில்காவின் ஆங்கிலத்தில் பாதி கால்பந்து, மீதி வம்பும் வசவும். பாதிரியார் அதற்குப் பழகிக்கொண்டார்.

பெரிலுக்கு நுரையீரலில் நோய் வந்தபோது டாக்டரின் விமானம் வந்து அவளை நகரத்துக்குக் கொண்டுபோயிற்று. கூடவே வருகிறேன் என்று மில்கா பெட்டியோடு நின்றாள். "நீயும் வந்துட்டா ஊரு எதக் குடிக்கும்? போய் லாரிய எடு" என்று பெரில் திருப்பி அனுப்பிவிட்டாள். அதுவே கடைசிப் பேச்சு. இத்தனை வருஷத்தில் மில்கா அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதற்கென்று ஆரம்பிப்பது என்று புரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

ஆகவே தன் வாசல் நிழலைச் சுற்றி அவள் கம்பி வேலி போட்டபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. வேலை முடிந்து வந்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். ஊரில் யாரோடும் பேச்சில்லை. டெஸ் ஒருநாள் வேலியோரம் நின்று, நிழலுக்கு வேலி போட்ட ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார்.

"அவ இங்க எனக்காக நின்னா. ஒனக்காக நின்ன எடத்துல போய் நீ உக்காரு."

"எனக்காக எங்க நின்னா? என் பொழப்பக் கெடுக்கத்தான் நின்னா" என்று சொல்லிவிட்டுப் போனார் டெஸ்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பிறகு ஒரு ஜனவரியில், எங்களுக்குக் கடுங்கோடை அது, தண்டவாளம் வெயிலில் பாம்பாய் வளைந்துவிட, மேற்கே போகும் பயணிகள் ரயில் எங்கள் ஊரில் நின்றுபோனது. பெட்டிகள் அடுப்பாய்க் கொதித்தன. ஜனங்கள் இறங்கினார்கள். மேடை நிழல் முதலில் நிறைந்தது, பிறகு மைதானத்து நிழல். மதுக்கடை நிழலில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டே, வீட்டுக்குப் பேசத் தொலைபேசி எங்கே என்று கேட்டார்கள். இடம் கிடைக்காத மிச்சப் பேர் தெருக்கோடிவரை நடந்து மில்காவின் வேலிக்கு வந்து நின்றார்கள். முன்னால் ஒரு வியட்நாமியப் பெண், தோளில் துவண்டுபோன கைக்குழந்தையோடு. இடம் கேட்க அவளிடம் பாஷை இல்லை.

மில்கா உள்ளே உட்கார்ந்தபடி அவளைப் பார்த்தாள். பூட்டைத் திறந்திருக்கலாம். ஆனால் எழுந்துபோய் லாரியிலிருந்து வெட்டுக்கத்திரியை எடுத்துவந்து, ஒரு கம்பத்திலிருந்து ஆரம்பித்து வேலியைச் சுற்றிலும் வெட்டிப் போட்டாள். "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. செருப்பக் கழட்டுங்க, தரை ஜில்லுன்னு இருக்கும்" என்றாள்.

ஒரு பெண்ணின் நிழலில் எத்தனை பேர் உட்கார முடியும்? வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் இடம் இருந்தது. தொப்பியின் விளிம்பு அகன்று தெருவின் எதிர்ப்பக்கம்வரை போயிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மில்கா தன் லாரியிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். குழந்தையின் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பெரில் யார், எப்படி நடப்பாள், கதவுக்கு வெளியே என்னென்ன பேசினாள், தபால் நிலைய வேலி விழுந்தபோது எப்படிச் சிரித்தாள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வசவுகளோடு சொன்னாள். அழுகை வந்தபோது நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வழிப்போக்கர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வியட்நாமியப் பெண்ணும், பாதி புரியாமலே, சேர்ந்து சிரித்தாள். சாயங்காலத்தில் குழந்தை கண்ணைத் திறந்து பசிக்கு அழுதது.

தண்டவாளம் சரியாகி ரயில் புறப்பட்டபோது ஊரே மேடைக்கு வந்து கையசைத்தது. அதற்குப் பிறகு மில்கா வேலி போடவில்லை. கோடையில் அந்த ரயில் கார்கூலாவில் சற்று அதிக நேரம் நிற்கிறது. இறங்கி நிழலில் உட்கார்ந்து வருகிறவர்களை அவசரப்படுத்த வேண்டாம் என்று ரயில்வேயே சொல்லிவிட்டது. வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள், தண்ணீர் வருமா, மின்சாரம் உண்டா, பெரில் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். மில்காவின் தலை நரைத்துவிட்டது. லாரியை இப்போது கால்பந்துப் பெண் ஒருத்தி ஓட்டுகிறாள். மில்கா காலையில் நிழலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு ரயிலுக்காகக் காத்திருப்பாள். யாராவது ஒருவர், மரமும் இல்லை, சுவரும் இல்லை, இது எதனுடைய நிழல் என்று கட்டாயம் கேட்பார்.

"என் சிநேகிதியோடது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பின்னாடி வர்றவங்களுக்கும் எடம் வேணும்" என்பாள்.