தேவசகாயத்தின் பேட்ஜ்

அந்த மூன்று மாதத்தில் தேவசகாயம் ஓட்டிய ஆம்புலன்ஸ், பேட்டரி இறங்காமல் இருக்க அணுமின் நிலைய வளாகத்தை நாலு சுற்று வந்ததோடு சரி. அணு விபத்து நடந்தால் முதலில் பாய வேண்டிய அவசரக் குழுவில் அவன் டிரைவர். ஆண்டவர் கிருபையில் பாய்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க அவனுக்குக் கொடுத்திருந்த பேட்ஜ் சோதனைக்குப் போய்வந்தபோது, குழுவிலேயே அவன் அளவுதான் எக்கச்சக்கம் என்றிருந்தது.

"எங்கே போய் வாங்கிட்டு வந்தே?" என்றார் பாதுகாப்பு அதிகாரி பார்த்தசாரதி. "காரணம் தெரியலைன்னா உன்னைக் குழுவிலிருந்து எடுக்கணும். விதி."

குழுவில் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. ஒப்பந்தக்காரர் வாசலைக் காட்டிவிடுவார். வேலை முடிந்ததும் பேட்ஜை ஆபீசிலேயே வைக்க வேண்டும் என்பதும் விதிதான். தேவசகாயமோ, அங்கே தொலைந்துவிடும் என்று தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆணியில் தொங்கிய பழைய நீலச் சட்டையின் பையில் போட்டு வைத்தான்.

"அந்த நீலச் சட்டையா? அத நான்தான டெய்லி சாயங்காலம் பொடவ மேல போட்டுகினு வேலைக்குப் போறேன்" என்றாள் மனைவி ரெபேக்காள். மாமல்லபுரத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. "பையில உன் ஆபீஸ் சாமான் இருந்துச்சு. பத்ரமா இருக்கட்டும்னு எடுக்கல."

"படம் எடுக்க சொல்லோ நீ வெளிய வந்துடுவ இல்ல?"

"கொழந்தைங்க ஆடாம யாரு புடிச்சிக்கிறது? எங்கிட்ட எந்தக் கொழந்தையும் அழுவாது." பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் இதைக் கேட்டதும் பார்த்தசாரதியின் முகம் மலர்ந்துவிட்டது. பேட்ஜை வெளியே கொண்டுபோனதற்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். "அப்போ இது நம்ம ஆள் வாங்கினது இல்லை" என்று அறிக்கையில் இருந்த அளவைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதி நீட்டினார். பிழைத்தோம் என்று தேவசகாயமும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டான். ரெபேக்காளைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவள் எந்தப் பட்டியலிலும் இல்லை. வெட்கக்கேடு, கட்டியவனும் கேட்கவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, அடித்தது காகிதத்தில் மட்டும்தான், அவள் உடம்பில் இல்லை என்று.

வீட்டில் ரெபேக்காள் சாயங்கால வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வேல போவலியே?"

"போவல. நீ இனிமே அந்த ரூம் உள்ள போவாத. ஒடம்புக்கு ஆவாது."

"ஸ்தோத்திரம்" என்றாள், முதல் வார்த்தைக்கு மட்டும். "போவ மாட்டேன்னா ஓனரு இன்னா ஏதுன்னு கேப்பாரு. காட்டறதுக்கு எதுனா பேப்பர் கீதா?"

ஒரே ஒரு பேப்பர்தான் இருந்தது. அதில் பூஜ்யம் என்று போட்டு, அடியில் அவனே கையெழுத்து வைத்திருந்தான்.