பின்சீட்டு முதலாளி

அந்த ஆஸ்டின் காருக்கு மொத்தம் ஐந்து முதலாளிகள். முதலில் ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை, பிறகு சேலத்து டாக்டர், அப்புறம் காரிமங்கலம் பண்ணைக்காரர் அர்ச்சுனனின் தகப்பனார். யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வரவே, கார் வைக்கோல் கொட்டகைக்குள் போனது. இருபது வருடம் கோழிகள்தான் அதில் சவாரி செய்தன. அறுபத்தாறில், "நாத்தம் தாங்கல, எடுத்துக்கிட்டுப் போ" என்று மெக்கானிக் மஸ்தான் பேருக்கே எழுதித் தள்ளிவிட்டார் அர்ச்சுனன்.

மஸ்தான் ஆறு வருடம் உழைத்து அதற்கு உயிர் கொடுத்தார். கார் உறுமிக்கொண்டு சந்தைப் பக்கம் வந்த மறுநாளே அர்ச்சுனனுக்குப் பிதுர்பக்தி பொங்கிவிட்டது. "எங்கப்பன் வண்டி அது." மஸ்தானின் பட்டறை நின்றதோ அர்ச்சுனனின் நிலத்தில். ஆகவே ஐந்தாவது முதலாளி அர்ச்சுனன்.

எழுபத்துநாலில் ஓசூர் மைதானத்தில் பழைய கார்களுக்குப் போட்டி வைத்தார்கள். இங்கிலீஷ் நோட்டீஸைப் படிக்க, மஸ்தானின் மகள் பி.ஏ. அமீருன்னிசாவைக் கூப்பிட்டார் அர்ச்சுனன்.

"வண்டி எந்தெந்த வருஷம் யார் யார்கிட்ட இருந்ததுன்னு பலகையில எழுதி மாட்டணுமாம். சொந்தக்காரரே ஓட்டிக்காட்டணுமாம்" என்றாள்.

"நான் என்ன டிரைவரா? உங்கப்பன் ஓட்டுவான். பலகையை நீ எழுது. எங்கப்பாவுக்கு அப்புறம் நான். நடுவுல அந்த மெக்கானிக் பேரு வேண்டாம், அழுக்காத் தெரியும்."

வீட்டில் மஸ்தான், "பட்டறை போயிரும்மா, பேரு போனாப் போவட்டும்" என்று கெஞ்சினார். எழுதினாள். ஆனால் மூன்றாம் பேருக்கும் கடைசிப் பேருக்கும் நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டாள். கேட்டதற்கு, "அழகுக்குங்க" என்றாள். அர்ச்சுனன் அழகை ரசித்தார்.

ஓசூரில் ஹேண்டிலை ஒரே தடவை சுழற்றியதும் ஆஸ்டின் கிளம்பிற்று. ஸ்டியரிங்கில் மஸ்தான், பின்சீட்டில் பட்டுத்துண்டும் அர்ச்சுனனும், மைதான ஓரத்தில் பலகையோடு அமீருன்னிசா. பெங்களூரிலிருந்து வந்த நடுவர் சுற்று முடிந்ததும், ஓட்டியவரே சொந்தக்காரர் என்று நேராக வந்து மஸ்தான் கையில் கோப்பையைத் திணித்தார்.

"ஏய்யா, ஓனர் நானு!" என்றது பின்சீட்டு.

"அப்படீங்களா? முன்னால வந்து ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க சார். கப்பு உங்களுக்குத்தான்."

அர்ச்சுனன் கதவைத் திறந்தார். ஒரு கால் வெளியே வந்தது. போட்டி பார்க்க வந்திருந்த காரிமங்கலமே வேடிக்கை பார்த்தது. டிரைவர் சீட்டில் பண்ணைக்காரரா? கால் உள்ளே போய்விட்டது. அப்படியே முன்னால் வந்திருந்தாலும் கிளட்ச் எது, பிரேக் எது என்று அவருக்குத் தெரியாது.

நடுவர் பலகையைப் பார்த்தார். "அறுபத்தாறுல இருந்து எழுபத்திரண்டு வரைக்கும் யார்கிட்ட இருந்தது? காலியா இருக்கே?"

மஸ்தான் மகளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அமீருன்னிசா பையிலிருந்து தூரிகையையும் பெயிண்ட் டப்பாவையும் எடுத்தாள். மற்ற பேர்களைவிட ஒரு விரற்கடை பெரிதாகவே எழுதினாள்: மஸ்தான், மெக்கானிக், காரிமங்கலம்.

நடுவர் அதை ஒலிபெருக்கியில் இரண்டு தரம் வாசித்தார்.

"கப்பை அவர்கிட்டயே குடுத்துரட்டுமாம்மா?" என்று கோப்பையை மகளிடம் நீட்டினார் மஸ்தான்.

"முன்சீட்டுக்கு வந்தா வாங்கிக்கட்டும்ப்பா."

"பட்டறையை நாளைக்கே காலி பண்ணு!" என்றார் அர்ச்சுனன்.

"பண்றோங்க. இப்ப வூட்டுக்கு எப்படிப் போறீங்க?" என்றாள் மகள்.

நாற்பத்தைந்து மைல். அர்ச்சுனன் பின்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். அமீருன்னிசா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.