பலகையில் ஐந்து ஒயர்கள்

1

இது நான் கற்பனை செய்த கதை இல்லை. டெல்லி மயூர் விஹாரில் என் மேல்வீட்டுக்காரர், ராணுவத்தில் மின்கருவிகள் பழுதுபார்ப்பவர், செவ்வாய் மாலை லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னது. சொல்லிவிட்டு, "எழுதிடாதீங்க சார்" என்றார். அதனால் பெயரை ராஜசேகரன் என்று மாற்றியிருக்கிறேன். அவர் பணிமனையில் இதைப் படிக்கிற யாரும் அவரை அடையாளம் காணாமலிருக்க அந்த மாற்றம் போதாது என்றும் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "டெல்லி கன்டோன்மென்ட்டில், ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்த ஒரு" (வேண்டாம். சினிமா.)

இரண்டாவது: "நாயக் ராஜசேகரன் கையெழுத்திட்டு அனுப்பிய எதுவும் பதினெட்டு வருடங்களில் பழுதாகித் திரும்பியதில்லை." (நாயக் என்பது அவர் ரேங்க். மீதி அவர் சொன்னது. நான் சரிபார்க்கவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆயில் குறைந்தால் ஜெனரேட்டரைத் தானாக நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. சோதனையின்போது அது குறுக்கிடாமலிருக்க, இரு முனையிலும் கவ்வி உள்ள சிறு ஒயரைப் போட்டு அதைச் செயலிழக்க வைப்பார்கள். முடிந்ததும் ஒயரைக் கழற்றிச் சுவர்ப் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் ஆறு ஆணிகள். திங்கள் மாலை ஐந்து ஒயர்கள்தான் தொங்கின. அன்று மதியம் அவர் சோதித்து, மூடி, சீல் வைத்த ஜெனரேட்டர், மலைமேல் ஒரு ராணுவ மருத்துவ முகாமுக்கு லாரியில் கிளம்பியிருந்தது.

"கழட்டனேனா இல்லியான்னே தெரியல சார். சுபேதார் சாப் ஜல்தி ஜல்தின்னு முதுகுலயே நிக்கறாரு."

3

"வேறு யாராவது எடுத்திருக்கலாமே?"

"கூட வேல பாக்கற கல்யாணராமன் எடுப்பான். கேட்டா, 'உன் வயித்துலயே தேடு'ங்கறான்."

"அப்படியானால் மேலே சொல்லிவிடுங்கள்."

"சீல உடைக்கச் சொல்லணும்னா என் தப்புன்னு எழுதிக் குடுக்கணும் சார். அடுத்த மாசம் ஹவில்தார் பிரமோஷன் லிஸ்ட். இந்த வாட்டி போச்சுன்னா பெட்டியக் கட்டுன்னுடுவாங்க. வேலூர்ல போயி மிக்ஸி ரிப்பேர் பண்ணணும்."

"ஒயர் உள்ளேயே இருந்தால்?"

"நல்லா ஓடும் சார். அதான் பயமே."

ஆயில் தீர்ந்தாலும் ஓடும். சூடேறிப் பற்றிக்கொள்ளும்வரை ஓடும். அடுத்த கூடாரத்தில் படுக்கைகள்.

(இங்கே அவரைக் கோழை என்று எழுதி அடித்தேன். பிறகு நல்லவர் என்று எழுதி அதையும் அடித்தேன். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிப் போனதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பது மட்டும் உண்மை.)

4

முடிவு அ: ஒயர் கல்யாணராமனின் மேசை டிராயரில் கிடைக்கிறது. (எனக்கே நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

முடிவு ஆ: முகாமில் முதலில் புகையைப் பார்த்தது ஒரு நர்ஸ். அவள் (மேலே அவர் மனைவி வசுமதி குக்கர் வைக்கும் சத்தம் கேட்டது. தொடர முடியவில்லை.)

5

புதன் காலை, போனில் அவர்.

"எழுதறீங்களா சார்?"

"ஆமாம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"லாரி சாயந்தரம் போய்ச் சேந்துடும். சுபேதார் சாப் ரூமுக்கு வெளியதான் நிக்கறேன். கதையில நான் சொல்லிடறேனா?"

என் முன்னால் இருந்த தாளில் எதுவும் இல்லை.

"சொல்லிவிடுகிறீர்கள்" என்றேன்.

பின்னால் யாரோ யாரையோ இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அச்சா. அப்புறம் எனக்கு இன்னா ஆவுது சார்?"

அவருக்குத் தேவை ஒரு வரிதான். உங்களுக்குத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அவர் லைனில் இருக்கிறார்.